ஏலத்துல நம்ம டீம் யாரை எடுக்கும்? பேரைத் தேடாதீங்க, காலி இடத்தைத் தேடுங்க

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, தலைப்பு பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஏல சீசன் வந்துட்டா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "அண்ணா, இந்தத் தடவை நம்ம டீம் யாரை எடுக்கும்?" பாளையங்கோட்டைப் பசங்க நெல்லை ராயல் கிங்ஸை மனசுல வச்சுக் கேப்பாங்க. மத்தவங்க சி.எஸ்.கே.யை மனசுல வச்சுக் கேப்பாங்க. கேள்வி ஒண்ணுதான்.

இன்னைக்கு நான் எந்தப் பேரையும் சொல்லப் போறதில்ல. ஒரு டீம் யாரை எடுக்கும்னு கணிக்கிறதுக்கு என்ன முறை இருக்கு, அதுல எந்தப் பகுதி கணக்கு, எந்தப் பகுதி அதிர்ஷ்டம்னு பிரிச்சுக் காட்டப் போறேன். பகல் முழுக்க கோடு எழுதுற ஆள் நான். அதனால இதையும் ஒரு புரோகிராம் மாதிரிதான் யோசிப்பேன்: உள்ள போறது என்ன, வெளிய வர்றது என்ன, நடுவுல என்ன விதி.

ட்ராஃப்ட் வேற, ஏலம் வேற

வீரர்களைப் பிரிச்சு எடுக்க ரெண்டு வழி இருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்குறது சுலபம். கால்வாய்த் தண்ணியை முறை வச்சுப் பாய்ச்சுறோம் இல்லையா? இன்னைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. காசு பேசாது, வரிசைதான் பேசும். அதுதான் ட்ராஃப்ட். அதே குளத்துல தண்ணி நின்னதும் மீன்பாசி ஏலம் விடுறாங்க. அங்க வரிசை கிடையாது. யார் கூடக் கேக்குறாங்களோ அவங்களுக்குக் குளம். அது ஆக்‌ஷன்.

அமெரிக்காவுல நடக்குற என்.எஃப்.எல். ட்ராஃப்ட் உலகத்துலயே பெரிய முறைத்தண்ணி. 32 டீம், 7 ரவுண்டு, கல்லூரியில ஆடி முடிச்ச பசங்க. போன சீசன்ல கடைசியா வந்த டீமுக்கு முதல் வாய்ப்பு. அதாவது கடைமடைக்கு முதல் தண்ணி. பலவீனமான டீம் எந்திரிச்சு நிக்கணும்னு அப்படி ஒரு ஏற்பாடு. வரிசை முன்கூட்டியே தெரியும்கிறதால, அங்க ரசிகர்கள் மாசக்கணக்கா "மாக் ட்ராஃப்ட்" போட்டு விளையாடுவாங்க.

நம்ம நாட்டுலயும் ட்ராஃப்ட் நடந்திருக்கு. 2015 டிசம்பர் 15-ல, சி.எஸ்.கே.யும் ராஜஸ்தானும் தடையில இருந்தப்போ, புனேவும் குஜராத்தும் அந்த ரெண்டு டீம் வீரர்களை மாத்தி மாத்தி எடுத்தாங்க. முதல் வாய்ப்பு புனேவுக்கு. தோனி போனார். அடுத்து குஜராத், ரெய்னா. மறுபடி புனே ரஹானேவை எடுக்க, குஜராத் ஜடேஜாவை எடுத்தது. நம்ம ஆளுங்க பிரிஞ்சு போறதைப் பார்க்க வயிறு எரிஞ்சாலும், கணிக்கிறவனுக்கு அது சுலபமான நாள். ரெண்டே டீம், கொஞ்சம் பேர், தெரிஞ்ச வரிசை. கால்பந்துலயும் 2017 ஜூலையில ஐ.எஸ்.எல். ட்ராஃப்ட் நடந்தது. முதல் ஆளா ஜாம்ஷெட்பூர் எடுத்தது அனஸ் எடத்தொடிகாவை.

டி.என்.பி.எல். 2016-ல ஆரம்பிச்சப்போ ட்ராஃப்ட் முறைதான். 2023 பிப்ரவரியில மாமல்லபுரத்துல முதல் தடவையா ஏலம் வந்தது. அன்னையோட கணிக்கிற வேலை சிக்கலாயிடுச்சு. ட்ராஃப்ட்ல "என் முறை வர்றப்போ யார் மிச்சம் இருப்பா?"ன்னு மட்டும் யோசிச்சாப் போதும். ஏலத்துல எல்லா வீரரும் எல்லா டீமுக்கும் திறந்து கிடக்காங்க. தடுக்கிறது பர்ஸ் மட்டும்தான்.

முதல் படி: பர்ஸை வச்சு வேலி போடுங்க

2023 டி.என்.பி.எல். ஏலத்தோட விதியை எடுத்துக்குவோம். ஒரு டீமுக்கு 70 லட்சம். குறைஞ்சது 16 பேர், அதிகபட்சம் 20 பேர். அடிப்படை விலை நாலு படி: 10 லட்சம், 6 லட்சம், 3 லட்சம், 1.5 லட்சம். தக்கவச்ச வீரர்களுக்கான காசு இதுல கழியும். எளிமைக்காக அதை இப்போ விட்டுடுவோம்.

70-ஐ 16-ஆல வகுத்தா ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 4 லட்சத்து 37 ஆயிரம். இதுதான் சராசரி. இப்போ நெல்லை டீம் சோனு யாதவை 15.2 லட்சத்துக்கு எடுத்ததை இதுல வச்சுப் பாருங்க. அந்த ஒரு கையெழுத்துக்கு அப்புறம் மிச்சம் 54.8 லட்சம், நிரப்ப வேண்டியது 15 இடம். சராசரி 3.65 லட்சமா இறங்கிடுது. கோவை கிங்ஸ் சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தாங்க. மொத்தப் பர்ஸ்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஒரே ஆளுக்கு. (அவரோட அப்போதைய ஐ.பி.எல். சம்பளம் 20 லட்சம். மாநில லீக்ல அதைவிடக் கூட!)

இதுல இருந்து ஒரு சூத்திரம் கிடைக்குது. எந்த ஏலத்துக்கும் இதை ஷீட்ல முதல் வரியா எழுதிடுங்க:

அதிகபட்சம் கேக்க முடிஞ்ச தொகை = கையில இருக்கிற காசு − (நிரப்ப வேண்டிய இடம் − 1) × மிகக் குறைஞ்ச அடிப்படை விலை.

70 லட்சத்தோட 16 இடம் காலியா உக்காந்திருக்கிற டீம், முதல் ஆளுக்கு 70 − 22.5 = 47.5 லட்சத்துக்கு மேல கையைத் தூக்கவே முடியாது. ஏலம் நகர நகர இந்த எண் ஒவ்வொரு டீமுக்கும் சுருங்கிக்கிட்டே வரும். மதியம் மூணு மணிக்கு எந்த டீமால என்ன கேக்க முடியும்னு பார்த்தாலே பாதிப் பேரை லிஸ்ட்ல இருந்து அடிச்சிடலாம். இதுல ஜோசியம் எதுவும் இல்ல, வெறும் கழித்தல் கணக்கு.

ரெண்டாவது படி: காலி இடத்தை எழுதுங்க

பெரும்பாலான ரசிகர்கள் இங்கதான் தடம் மாறுறாங்க. பிடிச்ச பேரை எழுதிட்டு அதுக்குக் காரணம் தேடுறாங்க. தலைகீழா பண்ணணும். ஒரு தாள்ல இடங்களை எழுதுங்க: ஓப்பனர், மிடில் ஆர்டர், கீப்பர், ஃபினிஷர், ஆஃப் ஸ்பின், லெக் ஸ்பின், இடக்கை ஸ்பின், பவர்பிளே பந்துவீச்சு, கடைசி ஓவர் பந்துவீச்சு. பக்கத்துல மூணு கட்டம்: முதல் ஆள் யாரு, அவருக்கு அடிபட்டா மாத்து ஆள் யாரு, ரெண்டு பேரும் சீசன் முழுக்க இருப்பாங்களா. மூணாவது கட்டத்தை யாரும் நிரப்புறதில்ல. ஆனா டி.என்.பி.எல். மாதிரி லீக்ல அது ரொம்ப முக்கியம். நல்ல ஆளா இருந்தா நடு சீசன்ல இந்திய அணிக்கோ இந்தியா 'ஏ'வுக்கோ கூப்பிட்டுட்டுப் போயிடுவாங்க.

இந்தத் தாள் எவ்வளவு தூரம் வேலை செய்யும்னு சி.எஸ்.கே.யை வச்சுப் பார்ப்போம். அந்த டீமை 2008-ல வாங்கின இந்தியா சிமெண்ட்ஸோட முதல் ஆலை நம்ம தாழையூத்துலதான் இருக்கு. டி.என்.பி.எல். நடக்குற சங்கர் நகர் மைதானமும் அந்தக் கம்பெனி மைதானம்தான். அதனால இது ஒண்ணும் வெளியூர்க் கதை இல்ல.

2025 நவம்பர்ல சஞ்சு சாம்சனுக்காக ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தாங்க. அந்த நிமிஷமே தாள்ல ஒரு வரி காலி: இடக்கை ஸ்பின் போட்டு, பேட்டும் பிடிக்கிற ஆள். டிசம்பர் 16, அபுதாபி ஏலத்துக்கு 43.40 கோடியோட போனாங்க. பிரசாந்த் வீர்னு உத்தரப் பிரதேசத்துப் பையன், 20 வயசு, இந்தியாவுக்கு ஆடாதவர், இடக்கை ஸ்பின் ஆல்ரவுண்டர். 30 லட்சம் அடிப்படை விலையில ஆரம்பிச்சு 14.20 கோடிக்கு எடுத்தாங்க. பின்னாடியே ராஜஸ்தான் கீப்பர் பேட்ஸ்மேன் கார்த்திக் சர்மா, அதே 14.20 கோடி. இவங்களுக்கு முன்னாடியே 2 கோடிக்கு அகீல் ஹுசைன், அவரும் இடக்கை ஸ்பின்னர்தான்.

இங்க கவனிங்க. "இடக்கை ஸ்பின் ஆல்ரவுண்டர் எடுப்பாங்க"ங்கிறதை ஒரு மாசத்துக்கு முன்னாடியே யார் வேணா எழுதியிருக்கலாம். "14.20 கோடி"ங்கிறதை யாராலயும் எழுதியிருக்க முடியாது. காலி இடம் டீமுக்குள்ள இருக்கிற தகவல். விலை டீமுக்கு வெளிய இருக்கிற தகவல்.

மூணாவது படி: விலையை முடிவு பண்றது ரெண்டாவது ஆள்

வெளிய எங்க? எதிர் மேசையில. அதே ஏலத்துல கேமரன் கிரீனுக்கு கொல்கத்தா கொடுத்தது 25.20 கோடி. கொல்கத்தா மனசுல எவ்வளவு இருந்ததுன்னு இந்த எண் சொல்லாது. எதிர்ல இருந்த சி.எஸ்.கே. 25 கோடி வரைக்கும் போய் நிறுத்துச்சு, அதான் 25.20. சி.எஸ்.கே. 15 கோடியில கையை இறக்கியிருந்தா கிரீன் அதைச் சுத்தி ஒரு விலைக்குப் போயிருப்பார். ஆள் அதே ஆள்தான்.

குளத்து ஏலத்துக்கே வருவோம். மனசுக்குள்ள ஒருத்தர் அஞ்சு லட்சம் மதிப்பு வச்சிருக்கார், இன்னொருத்தர் மூணு லட்சம் வச்சிருக்கார். குளம் மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல முடிஞ்சிடும். அந்த அஞ்சு லட்சம் கடைசி வரைக்கும் வெளிய தெரியாது. அதனால உங்க டீம் தாளை மட்டும் எழுதினா கணிப்பு பாதிதான். எல்லா டீமுக்கும் அதே தாளை எழுதி, ஒரே காலி இடம் எத்தனை டீம்ல இருக்குன்னு எண்ணணும். நாலு டீம்ல இடக்கை ஸ்பின்னர் இல்ல, சந்தையில நல்ல இடக்கை ஸ்பின்னர் ரெண்டே பேர்னா, விலை எகிறும். ஒரே டீமுக்குத்தான் தேவைன்னா, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அடிப்படை விலையிலயே முடியும்.

நான் இதை ஒரு சின்ன புரோகிராமா ஓட்டுவேன். ஒவ்வொரு டீமுக்கும் ஒவ்வொரு வீரர் மேல ஒரு உத்தேச மதிப்பு, அதைக் கொஞ்சம் மேலயும் கீழயும் ஆட விட்டு, ஏலத்தை ஆயிரம் தடவை நடத்திப் பார்ப்பேன். வர்ற வரிசை தடவைக்குத் தடவை மாறும். ஆனா சில விஷயம் மாறாது. "இந்த டீம் எப்படியும் ரெண்டு வேகப்பந்து வீச்சாளர் எடுக்கும்"ங்கிறது ஆயிரத்துல தொள்ளாயிரம் தடவை வந்தா, அது கணிப்பு. "இந்தக் குறிப்பிட்ட பையனை எடுக்கும்"ங்கிறது ஆயிரத்துல நூறு தடவை வந்தா, அது ஆசை.

சரியா எடுத்தாலும் கதை மாறும்

காலி இடத்தைப் பார்த்து எடுக்கிறது எப்பவுமே சரியான்னா, அதுவும் இல்ல. 2008 மார்ச்ல, ஐ.பி.எல். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, அண்டர்-19 பசங்களுக்குத் தனியா ஒரு ட்ராஃப்ட் நடந்தது. உலகக் கோப்பை ஜெயிச்ச டீமோட கேப்டன் டெல்லிப் பையன். டெல்லி டீம் அவரை விட்டுட்டு இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. காரணம் ரொம்ப நியாயமானது: அவங்ககிட்ட சேவாக், கம்பீர்னு பேட்ஸ்மேன் நிறைய, பந்துவீச்சுல இடம் காலி. பெங்களூரு அந்தக் கேப்டனை எடுத்துக்கிச்சு. பேர் விராட் கோலி.

டெல்லியோட தாள் சரிதான். காலி இடம் இன்னைக்கு இருக்கிறது, வீரர் பதினைஞ்சு வருஷத்துக்கு இருக்கிறவர். அந்த வித்தியாசத்தை எந்தத் தாளும் காட்டாது. அமெரிக்காவுல 2000-ல டாம் பிரேடியை 199-வது ஆளா எடுத்தாங்க. அவருக்கு முன்னாடி ஆறு குவார்ட்டர்பேக் எடுக்கப்பட்டாச்சு. கல்லூரி ஆட்டத்தைப் பல வருஷமா படம் பிடிச்சு, அளந்து, ஓட விட்டுப் பார்க்கிற ஊர்லயே அப்படி.

நம்ம நெல்லைக்கு வருவோம். 2022 டி.என்.பி.எல்.ல அதிக ரன் அடிச்சவர் சஞ்சய் யாதவ், 452 ரன், நெல்லை டீம். அடுத்த வருஷம் ஏலத்துல அவர் 17.6 லட்சத்துக்கு சேப்பாக்கத்துக்குப் போயிட்டார். ஊர்ல "இனி யார் அடிப்பா?"ன்னு புலம்பல். 2023-ல மறுபடியும் அதிக ரன் அடிச்சது நெல்லை டீம் ஆள்தான்: அஜிதேஷ், 385 ரன். திண்டுக்கல்லுக்கு எதிரான குவாலிஃபயர்ல 12 பந்துல 37 ரன் தேவைப்பட்டப்போ, அவரும் ரித்திக் ஈஸ்வரனும் 19-வது ஓவர்ல மட்டும் 33 ரன் எடுத்தாங்க. ஃபைனல் நம்ம சங்கர் நகர்லயே நடந்தது. அதுல கோவை 104 ரன் வித்தியாசத்துல நம்மளை மடிச்சு வச்சதும் உண்மை. ரெண்டையும் ஏல நாளன்னைக்கு யாராலயும் சொல்லியிருக்க முடியாது.

கணிப்புக்கு மார்க் போடுறது எப்படி

ஏலம் முடிஞ்சதும் "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஆயிரம் பேர் கிளம்புவாங்க. அதைத் தடுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. முன்கூட்டியே, தேதி போட்டு, சதவீதத்தோட எழுதுங்க. "எடுக்கும், 70 சதவீதம்"னு எழுதுறீங்க. எடுத்துட்டா உங்க தவறு 1 − 0.7 = 0.3. அதை வர்க்கம் பண்ணுங்க, 0.09. எடுக்கலைன்னா 0.7-ஓட வர்க்கம், 0.49. எல்லாத்தையும் கூட்டி சராசரி எடுங்க. குறைவா இருந்தா நல்ல கணிப்பு. ஒண்ணுமே தெரியாம எல்லாத்துக்கும் 50 சதவீதம்னு எழுதினாக்கூட 0.25 வரும். அதைவிடக் கூட வந்தா, நாணயம் சுண்டிப் போட்டிருக்கலாம். "கண்டிப்பா எடுக்கும்"னு நூறு சதவீதம் போட்டுத் தவறினா முழுசா 1. வானிலைக் கணிப்பைச் சோதிக்கிறவங்க பயன்படுத்துற அளவுகோல்தான் இது, பிரையர் ஸ்கோர்னு பேர்.

ரெண்டு பட்டியலாப் போடுங்க. ஒண்ணு காலி இடத்துக்கு, இன்னொண்ணு பேருக்கு. பேர்ல வாங்குற மார்க்கைவிட இடத்துல வாங்குற மார்க் எப்பவும் நல்லா இருக்கணும். இல்லைன்னா நீங்க டீமைப் பார்க்கலை, ரீல்ஸைப் பார்க்கிறீங்கன்னு அர்த்தம்.

"அன்சோல்ட்"னா என்ன அர்த்தம்

இந்த எபிசோடைப் பேசினதே இந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் லீக் ஆடுற பசங்க சிலர் இதைக் கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். 1.5 லட்சம் பட்டியல்ல பேர் கொடுத்துட்டு, வீட்ல எல்லாரும் ஃபோனைச் சுத்தி உக்காந்திருக்க, பேர் வரும், யாரும் கையைத் தூக்க மாட்டாங்க, "அன்சோல்ட்"னு சொல்லிட்டு அடுத்த பேருக்குப் போயிடுவாங்க. மறுநாள் காலையில டீக்கடையில "என்னடே, உன்னைய யாரும் எடுக்கலையாமே"ன்னு ஒருத்தர் கேப்பார்.

அந்த ஆளுக்குச் சொல்ல இந்தக் கணக்கை வச்சுக்கோங்க. எட்டு டீம், ஒரு டீமுக்கு அதிகபட்சம் 20 பேர். மொத்தம் 160 இடம். இதுல ஒரு டீமுக்கு ரெண்டு கீப்பர்னு வச்சா, தமிழ்நாடு முழுக்க 16 கீப்பருக்குத்தான் இடம். ஒரு டீமுக்கு ஆறு வேகப்பந்து வீச்சாளர்னு வச்சா, 48 பேருக்கு இடம். அப்போ மாநிலத்துலயே 17-வது சிறந்த கீப்பர் அன்சோல்ட். 48-வது வேகப்பந்து வீச்சாளருக்கு ஜெர்சி கிடைச்சிடும். ரெண்டு பேர்ல யார் திறமைசாலின்னு ஏலம் சொல்லலை. எங்க காலி இடம் இருந்ததுன்னுதான் சொல்லுது.

இன்னும் சந்தேகம்னா வருண் சக்கரவர்த்தியைப் பாருங்க. 2018 டி.என்.பி.எல்.ல மதுரைக்கு ஆடி, அந்த டிசம்பர் ஏலத்துல 20 லட்சத்துல ஆரம்பிச்சு 8.4 கோடிக்குப் பஞ்சாப் போனார். ஒரே ஒரு மேட்ச். விடுவிச்சுட்டாங்க. அடுத்த வருஷம் கொல்கத்தா எடுத்த விலை 4 கோடி, பாதிகூட இல்ல. விரலும் அதேதான், பந்தும் அதேதான். அந்தப் பாதி விலைப் பந்துவீச்சாளர்தான் 2025-ல இந்தியாவுக்காகச் சாம்பியன்ஸ் டிராபி ஜெயிச்ச டீம்ல இருந்தார். அபுதாபி ஏலத்துல சர்ஃபராஸ் கான் பேர் முதல்ல வந்தப்போ யாரும் கேக்கலை. அன்னைக்கே மறுபடி பேர் வந்தப்போ சி.எஸ்.கே. 75 லட்சத்துக்கு எடுத்தது. இடையில அவர் பேட்டிங் கத்துக்கப் போகலை. எதிர்ல இருந்தவங்களோட பர்ஸும் காலி இடமும் மாறிடுச்சு, அவ்வளவுதான்.

ஆகவே பசங்களா, விலையைப் பார்த்து உங்களை எடை போடாதீங்க. வேணும்னா கணக்கை உங்களுக்குச் சாதகமாத் திருப்புங்க. எட்டு டீமோட தாளையும் எழுதிப் பாருங்க. எந்த இடம் நிறைய டீம்ல காலியா இருக்கோ, அந்த வேலையில ஒண்ணையாவது கூடுதலாக் கத்துக்கோங்க. கீப்பரா இருந்தா ஃபினிஷராவும் ஆக முடியுமான்னு பாருங்க. ஸ்பின்னரா இருந்தா எட்டாவது ஆளா வந்து பத்துப் பந்துல இருபது அடிக்கப் பழகுங்க. ஒரு வரியில மட்டும் இருக்கிற பேரைவிட ரெண்டு வரியில எழுத முடிஞ்ச பேர் ஏல மேசையில சீக்கிரம் கண்ணுல படும்.

ரசிகர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த ஏலத்துக்கு முன்னாடி நெல்லை டீமுக்கு ஒரு தாள், உங்களுக்குப் பிடிக்காத டீமுக்கு ஒரு தாள், ரெண்டையும் சதவீதத்தோட, தேதி போட்டு அனுப்புங்க. ஏலம் முடிஞ்ச வாரம் எல்லாருக்கும் மார்க் போடுவோம், என் தாளும் அதுல இருக்கும். அடுத்த எபிசோடுல டி.எல்.எஸ். கணக்கு, மழை பெஞ்சா டார்கெட் எப்படி மாறுதுன்னு பேசலாம். வரட்டுமா?